செவியால் ஓர்தல்
(யாழ் முதல் வீணை வரை ஒரு பயிற்சி வரலாறு)

தாயகம் விட்டுத் தொலைவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தம்முடன் எடுத்துச் சென்ற செல்வங்களுள் இசையும் ஒன்று. மும்பையின் மாதுங்காவிலும், தில்லியின் கரோல் பாகிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும் நம்மவர் குடியேறிய நாள் தொட்டுப் பாட்டு வகுப்பும் உடன் குடியேறியது. ஓர் அறையும் சமையற்கட்டுமே கொண்ட இல்லத்திலும் வீணைக்கோ வயலினுக்கோ மிருதங்கத்துக்கோ ஒரு மூலை ஒதுக்கப்பட்டது. இது நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்க செய்தியே.

ஆயினும் அந்த மூலையில் இன்று நிகழ்வது என்ன என்பதையும் நாம் மனம் திறந்து பேச வேண்டும். குழந்தை கருவியை எடுக்கிறது. கண் கடிகாரத்தின் மேல் இருக்கிறது. அடுக்களையிலிருந்து தாயின் குரல், "இன்னும் கால் மணி இருக்கிறது, மறுபடியும் வாசி" என்கிறது. விரல்கள் அசைகின்றன; ஒலி எழுகிறது; அதைக் கேட்பார் ஒருவரும் இல்லர், வாசிக்கும் குழந்தை உட்பட. தேர்வு, போட்டி, ஆண்டுவிழா மேடை என மூன்றும் முடிந்தபின், கல்லூரிக்குச் செல்லும் ஆண்டில், கருவி உறையிடப்பட்டுப் பரணுக்கு ஏறுகிறது. பரணில் உறங்கும் வீணைகளைக் கணக்கெடுப்பின் நம் சங்கத்து உறுப்பினர் இல்லங்களிலேயே ஒரு நீண்ட பட்டியல் தேறும். இதை எழுதும் நம் இல்லமும் அப்பட்டியலுக்குப் புறம்பானதன்று.

நம் முன்னோரும் இவ்வாறுதான் பயின்றனரா? பயிற்சி என்பது என்றும் சுமையாகவே இருந்ததா? இவ்வினாவுக்கு நம் இலக்கியமும் இசை வரலாறும் என்ன விடை தருகின்றன என்பதைச் சற்றே ஆராய்வோம்.

பாணர் வாழ்வில் யாழ்

தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து எண்ணினார். ஒரு நிலத்தில் என்ன விளையும், என்ன மேயும் என்று சொல்வது போலவே, அங்கு எந்த யாழ் ஒலிக்கும் என்றும் சொல்லவேண்டும் என அவர் கருதியிருக்கிறார். இசைக் கருவி வாழ்வின் அணிகலமாக அன்றி, வாழ்வின் பொருளாகவே எண்ணப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வருணிக்கிறது. அதன் பத்தர் மானின் குளம்பு பதிந்த தடம் போல இரு பக்கம் தாழ்ந்து நடுவே உயர்ந்திருக்கும் என்று உவமை கூறுகிறது. நாள்தோறும் ஒரு பொருளைக் கையில் ஏந்தித் துடைத்து, உற்று நோக்கியவர்களுடன் பழகிய புலவர்க்கே இத்தகைய உவமை வாய்க்கும். வழிப்பறி செய்வோரும் அவ்யாழின் பாலைப் பண்ணைக் கேட்டுப் படைக்கலத்தைக் கைவிடுவர் என்றும் அப்பாட்டு கூறுகிறது.

பாணர் வாழ்வு வளமானதன்று. சுற்றத்துடன் பசியோடு நெடுவழி நடந்தவர்கள் அவர்கள். எனினும் அவர்தம் பயிற்சிக்கெனத் தனியே ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. வழிநடையில் மர நிழலில் அமர்ந்தபோதும், புரவலன் முன்றிலில் நின்றபோதும் அவர்கள் வாசித்தார்கள், வாசித்ததே பயிற்சியாயிற்று. தந்தையும் தாயும் வாசிக்கக் கேட்டே பிள்ளைகள் வளர்ந்தனர். விரல் கற்குமுன் செவி கற்றது என்பதே இதன் சாரம்.

மாதவியின் செவி

முறையாக அமைந்த கல்வியைச் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம். மாதவி ஐந்தாம் ஆண்டில் கலை பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெண் கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் பெற்றாள். இக்காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். அவற்றுள் தண்ணுமையாளனுக்குக் கூறப்பட்ட இலக்கணம் நம் கருத்தைக் கவர்வது. ஏனைய கருவிகளில் குறை நேருமிடத்து அதனை நிரப்பவும், மிகுமிடத்து அடக்கவும், தன் ஒலி மேலோங்காமல் காக்கவும் வல்லவனாக அவன் இருத்தல் வேண்டும். தன் கையை விடப் பிறர் ஒலியை மிகுதியாகக் கேட்பவனே நல்ல தண்ணுமையாளன் என்பது இதன் பொருள் அன்றோ?

கானல்வரியில் இதனினும் நுட்பமான ஒரு காட்சி உண்டு. புகார்க் கடற்கரையில் வசந்தமாலை கையிலிருந்து யாழை வாங்கிய மாதவி உடனே பாடத் தொடங்கவில்லை. நரம்புகளை வார்தல், உந்தல், உருட்டல், அள்ளல் முதலிய எட்டு வகை விரல் தொழிலாலும் இயக்கிப் பார்க்கிறாள். அவ்வாறு எழுந்த ஒலியைத் தன் செவியால் ஓர்ந்தபின்பே அதனைக் கோவலன் கையில் நீட்டுகிறாள். அரங்கேறிப் புகழ்பெற்ற பின்னும் அவள் செய்தது இதுதான். கடற்கரையில் அதனைக் கேட்க அவையோரும் இல்லர், பரிசும் இல்லை.

'ஓர்தல்' என்னும் சொல்லை நாம் ஈண்டு ஊன்றி நோக்குதல் வேண்டும். கேட்டல் வேறு, ஓர்தல் வேறு. தெருவில் செல்லும் வண்டியின் ஒலியையும் நாம் கேட்கிறோம். மனத்தை ஒருமுகப்படுத்தி, வந்தது இன்னது என ஆராய்ந்து உணர்வதே ஓர்தல். தான் எழுப்பிய ஒலியைத் தானே ஓர்வதற்கு உள்ளம் அந்த ஒலியிலேயே இருத்தல் வேண்டும்; கடிகாரத்தில் இருத்தல் இயலாது. பயிற்சியின் கவனமும் பயிற்சியின் இன்பமும் ஒருங்கே பிறக்கும் இடம் இதுவே என்பது நம் துணிபு. இன்பம் பயிற்சி முடிந்தபின் கிட்டும் கூலியாக வருவதில்லை. ஓர்ந்து கேட்கும் கணத்திலேயே அது செவியில் வந்து தங்குகிறது.

உடையாத யாழ்

பயில்வோர்க்கு வரும் பெரும் இடர் சலிப்பு மட்டுமன்று, தளர்ச்சியும் ஆகும். இதற்கு மருந்தாக அமைந்த வரலாறு ஒன்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ளார். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தருடன் தலந்தோறும் சென்று, அவர் பாடிய பதிகங்களை யாழில் இட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். காரைக்காலை அடுத்த திருத்தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார், பாணர் யாழில் வாசிப்பதனாலேயே பதிக இசை உலகில் பரவுகிறது எனப் புகழ்ந்தனர். அது கேட்டு நடுங்கிய பாணர், யாழில் அடங்காத இசையொன்றைப் பாடியருளுமாறு சம்பந்தரையே வேண்டினார். சம்பந்தர் பாடினார். பாணர் முயன்றார், யாழில் அவ்விசை அடங்கவில்லை. இக்கருவியைத் தொட்டதனால் அன்றோ இந்நிலை வந்தது என வருந்தி யாழை உடைக்க ஓங்கினார்.

சம்பந்தர் அவரைத் தடுத்து யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். இறைவன் பெருமை ஒரு கருவியில் அளவுபடுமோ என்று தேற்றி, இதே யாழில் வந்த அளவு வாசித்து வருக என்று கூறி மீண்டும் அவர் கையிலேயே கொடுத்தார். முதல் திருமுறையில் அமைந்த அப்பதிகம் யாழ்மூரிப் பதிகம் எனப் பெயர் பெற்றது. அத்தலத்து இறைவரும் யாழ்மூரிநாதர் என வழங்கப்படுகிறார்.

பக்திச் சுவையோடு இதில் ஓர் ஆசிரியத் திறமும் அடங்கியிருக்கிறது. கை எட்டாத இடம் எக்கலைஞனுக்கும் உண்டு. அவ்விடத்தில் தன்னையும் கருவியையும் வெறுப்பவன் கலையை இழக்கிறான். வந்த அளவை உண்மையாக வாசிப்பவன் நாளை இன்னும் சிறிது எட்டுகிறான். "இவ்வளவு செலவழித்தும் உனக்கு இன்னும் வரவில்லையே" என்று குழந்தையை நாம் கடிந்துகொள்ளும்போதெல்லாம் தருமபுரத்து நிகழ்ச்சியை நினைத்துக்கொள்வது நன்று.

யாழ் மறைந்தது

இத்துணைச் சிறப்புற்ற யாழ் இன்று எங்கே? சிலப்பதிகார உரை மரபு 21 நரம்புப் பேரியாழ், 19 நரம்பு மகரயாழ், 14 நரம்புச் சகோடயாழ், 7 நரம்புச் செங்கோட்டியாழ் என வகைகளைக் குறித்து வைத்தது. கருவியோ படிப்படியாக வழக்கொழிந்தது. பிற்காலத்தில் அதன் வடிவம் எது, நரம்பு கட்டும் முறை எது என்று அறிஞர்கள் ஆராய்ந்து காணவேண்டிய நிலை வந்துவிட்டது.

அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்துக் காரைதீவில் 1892-இல் தோன்றிய விபுலானந்த அடிகள் அறிவியலும் கணிதமும் தமிழும் ஒருங்கே கற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். அவர் பல்லாண்டு உழைத்து எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அவர் கணித்த முறையில் அமைந்த யாழ்களின் இசையும் அவ்விழாவில் ஒலித்தது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

அடிகளின் அறிவு நரம்பின் அளவையும் சுருதியின் கணக்கையும் மீட்டுத் தந்தது. ஆயினும் தந்தை கையைப் பார்த்து மகன் பயின்ற அந்தத் தொடர், தலைமுறை தலைமுறையாக விரலும் செவியும் சேர்ந்து சேமித்த அந்தப் பழக்கம், எந்த நூலாலும் மீட்கக்கூடியதன்று. அண்மை ஆண்டுகளில் இளைஞர் சிலர் யாழை மீண்டும் செய்து வாசிக்கத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. அவர்களும் முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. கருவியை உயிரோடு வைத்திருப்பது அருங்காட்சியகம் அன்று, அன்றாடப் பயிற்சியே. அது ஒரு தலைமுறையில் அறுந்தால் அடுத்த தலைமுறைக்குப் பெயர் மட்டுமே மிஞ்சும்.

வரிசைகளின் பொருள்

யாழுக்குப் பின் வீணை அந்த இடத்தைப் பெற்றது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகள் நிலையாகப் பொருத்தப்பட்ட வீணை உருப்பெற்றது என்பர். பலா மரத்தில் குடைந்து, மெழுகின்மேல் மெட்டுகளைப் பதித்து, வாசிப்பதற்கு நான்கு தந்திகளும் தாளத்திற்கு மூன்று தந்திகளும் பூட்டிய இத்தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

அவ்வீணையில் இன்று முதற்பாடமாக வாசிக்கப்படும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றை முறைப்படுத்தியவர் கன்னட நாட்டுப் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. நம் பிள்ளைகள் 'சலிப்பு' என்று கூறும் பாடங்கள் இவையே. ஆனால் இவற்றின் அமைப்பை நோக்குமின். முதற்பாடத்திற்குரிய மாயாமாளவகௌளை இராகத்தில் 'ச ரி க ம' என்னும் கீழ்ப்பாதியும் 'ப த நி ச' என்னும் மேற்பாதியும் ஒரே இடைவெளிகளால் ஆனவை. கீழே செவி கற்றதை மேலே அடையாளம் கண்டுகொள்கிறது. கண்ணாடியில் தன் முகம் பார்த்த குழந்தையின் வியப்பு இதில் காத்திருக்கிறது. அதனைச் சுட்டிக்காட்ட ஒருவர் வேண்டும். முப்பது முறை வாசி என்று சொல்வோர் பலர். இவ்விரு பாதியும் ஒன்று போலத் தோன்றுகிறதா, கேட்டுச் சொல் என்று வினவுவோர் சிலரே.

மூன்று காலம் வாசிக்கும் முறையும் இத்தகையதே. விரைவாகிய மூன்றாம் காலத்தை எட்டுவதற்கான படியாக மட்டும் முதற்காலத்தை நாம் எண்ணிவிட்டோம். முதற்காலத்தில்தான் ஒவ்வொரு சுரத்திற்கும் பிறப்பும் வளர்ச்சியும் ஒடுக்கமும் உண்டு. அதில் செவி நிறையாதவன் மூன்றாம் காலத்தில் ஓடுவது, வழியில் ஒன்றையும் காணாமல் ஊர் போய்ச் சேர்வதை ஒக்கும். மிருதங்கம் பயில்வோர் 'த, தி, தொம், நம்' என்னும் சொற்களை முதலில் வாயால் சொல்லிப் பின்பே கையால் வாசிக்கின்றனர். வீணை ஆசிரியரும் "பாடிவிட்டு வாசி" என்பர். விரலுக்கு முன் உள்ளத்தில் ஒலி எழவேண்டும் என்பதே இவற்றின் நோக்கம்.

கோயிலும் கூடமும்

தஞ்சைப் பகுதிக் கோயில்களில் நாகசுரம் வாசித்தோர்க்குக் காலைப் பூபாளம் முதல் பள்ளியறை நீலாம்பரி வரை நாள் முழுதும் பயிற்சியாகவும் பணியாகவும் அமைந்தது. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி தொடங்கி, தெருத்தெருவாக நின்று ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. அந்த மண்ணில் தோன்றிய திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956), உயர்ந்த சுருதியுடைய திமிரி நாகசுரத்தை விட்டு, நீண்டு தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரி நாகசுரத்தை நிலைநாட்டினார். புகழின் உச்சியிலிருந்த ஒருவர், தம் செவி வேண்டிய நாதத்துக்காகக் கருவியையே மாற்றிப் புதிதாகப் பழகினார் என்பது எண்ணத்தக்கது. அக்கருவியைச் செய்து தரும் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கும் 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

குடந்தை சரப சாஸ்திரிகள் (1872–1904) இளமையிலேயே பார்வை இழந்தவர். புல்லாங்குழலைத் தனிக் கச்சேரிக்குரிய கருவியாக உயர்த்தியவர். ஏட்டைப் பார்க்க இயலாத அவருக்குச் செவியே ஏடாயிற்று. சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் இல்லத்துக் கூடத்திலேயே வாசித்தார். மெல்லிய அந்த நாதத்தைக் கேட்க இசைவாணர்களும் அசையாது அமர்ந்திருந்தனர். மேடையும் ஒலிபெருக்கியும் இன்றி, வீட்டில் அமர்ந்து தமக்கே வாசிப்பது போல் வாசித்ததைத் தலைசிறந்தோர் தேடி வந்து கேட்டனர். வீட்டுப் பயிற்சியும் கச்சேரியும் வேறு வேறு என்னும் எண்ணத்துக்கு அங்கு இடமில்லை. அவர் மடியிலும் நிழலிலும் வளர்ந்த பேர்த்தியருள் பிருந்தா, முக்தா ஆகியோர் இசையிலும், பாலசரசுவதி நாட்டியத்திலும் உலகறியப் புகழ்பெற்றனர்.

இதனால் பழங்காலப் பயிற்சி முழுவதும் இன்பமயம் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறின் அது வரலாறு ஆகாது. குருகுலத்தில் அடியும் பசியும் இருந்தன. பிறப்பால் சிலர்க்கே கதவு திறந்தது. கலையைக் காத்த பெண்டிர் பலர்க்கு அக்கால சமூகம் உரிய மதிப்பைத் தரவில்லை. சிதம்பரத்தில் 1929-இல் இசைக் கல்லூரியும், 1943-இல் தமிழ் இசைச் சங்கமும் தோன்றிய பின்னர்க் கல்வி பரவலாயிற்று. இன்று எக்குடியிற் பிறந்த குழந்தையும் வீணையைத் தொடலாம். இப்பேற்றை நாம் போற்றவேண்டும். கதவு திறந்த காலத்தில் உள்ளே இருந்த இன்பத்தை வெளியே விட்டுவிடலாகாது என்பதே நம் கவலை.

நம் இல்லங்களில்

பிறமொழி சூழ்ந்த நகரங்களில் நம் பிள்ளைகள் தமிழை வீட்டில் மட்டுமே கேட்கின்றனர். சிலர்க்கு எழுத்தும் கைவருவதில்லை. அத்தகைய பிள்ளைக்கும் நீலாம்பரி கேட்டால் கண் செருகுகிறது. எழுத்துக்கு முன்பே செவி வழியாகத் தாயகம் அவர்களைச் சென்றடைந்துவிடுகிறது. அந்த வழியைக் கடமையும் அச்சமும் கொண்டு நாமே அடைத்துவிடலாமா?

வரலாறு காட்டும் நெறி எளியது. கருவியை எடுத்தவுடன் பாடத்துக்கு ஓடாமல், மாதவியைப் போலச் சுருதி சேர்த்து, எழுந்த ஒலி அடங்கும் வரை கேட்கலாம். மழைக்காலத்து ஈரத்திலும் கோடை வெப்பத்திலும் வீணையின் மேளம் குலையும். இன்று இது ஏன் மாறி ஒலிக்கிறது என்று கண்டறிவதும் பயிற்சியே. ஒரு வரிசையை முதற்காலத்தில் ஒரு முறை ஓர்ந்து வாசித்தல், கவனமின்றிப் பத்து முறை வாசித்தலினும் மேலானது. வாசிக்குமுன் பாடச் செய்யலாம். வராத இடத்தில் சம்பந்தரின் சொல்லை நினைத்து, வந்த அளவை வாசிக்கச் சொல்லலாம். எல்லாவற்றினும் மேலாக, அந்தக் கால் மணி நேரம் நாமும் அடுக்களை வேலையையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு அருகே அமர்ந்து கேட்கலாம். கேட்பார் உள்ள இல்லத்தில் குழந்தையின் செவியும் தானே விழித்துக்கொள்ளும்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். பரணில் இருக்கும் வீணை பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. தனம்மாளின் கூடம் போல ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மேடையும் மதிப்பெண்ணும் இன்றி, நமக்காகவே நாம் ஒரு சரளி வரிசையை வாசிக்கலாம். விரல் தடுமாறும், தந்தி கீறும். செவி மட்டும் பழையதை மறந்திராது.

யாழை நம் முன்னோர் எவரும் வேண்டுமென்று கைவிட்டிருக்க மாட்டார்கள். ஒரு நாள் வாசிக்காதிருந்திருப்பர். பின்னர் ஓர் ஆண்டு. பின்னர் ஒரு தலைமுறை. அதனைத் திரும்பப் பெற ஓர் அறிஞர் தம் வாழ்நாளில் பல்லாண்டுகளை ஈந்தும், அந்தக் கைப்பழக்கம் திரும்பவில்லை. நம் வீட்டுக் கருவிகளுக்கு அந்நிலை வாராதிருக்க, அவற்றை இன்று மாலையே பரணிலிருந்து இறக்குவோம், தூசி துடைப்போம், சுருதி கூட்டுவோம். பிள்ளையும் நாமும் அருகருகே அமர்ந்து, முதல் ஒலி முற்றும் அடங்கும் வரை ஓர்ந்து கேட்போம்.